எல்லோரும் ப்ரெஸான்

சிரிப்பு வரும். கட்டாயம் வரும், அது எங்கே போய்விடப் போகிறது. காரைக்காலில் ஓர் அரசு தொடக்கப் பள்ளி, சாப்பாட்டுக் கூடத்தையும் தாண்டிக் கோடியில் ஓர் அறை, கடைசிப் பீரியடு, அந்த அறைக்குள் ஒரு பிரெஞ்சு டீச்சரை முழுசாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதில் சிரிக்க ஒன்றுமில்லாமல் இருக்குமா. ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். முதலில் செலஸ்தீன் மதாம் உள்ளே வரட்டும். வந்துகொண்டிருக்கிறாள், வராந்தாச் சுவரை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும், யாராவது கவனித்தால் சுண்ணாம்பு உதிர்கிறதா என்று பார்க்கிற பாவனையில். தூண் வருகிற இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி, குழாயடி ஈரம் காலில் பட்டதும் இடதுபக்கம் திரும்பி, வாசற்படியைச் செருப்பின் முனையால் ஒரு தட்டுத் தட்டி, அது இருக்கிறது என்று ஆனதும் ஏறி, அறைக்குள் ஒரு புன்னகையைப் பொதுவாக வீசி, போன்ழூர் மே ஸான்ஃபான், வணக்கம் என் பிள்ளைகளே. போன்ழூர் மதாம் என்றது ஒரு குரல், உடனே இன்னொரு குரல், அப்புறம் மூக்கால் ஒன்று, கரகரவென்று ஒன்று. கண்ணுக்குள் நீராவி. கண் டாக்டர் அதைப் பற்றி ரொம்ப சாதாரணமாகச் சொன்னான், சுகர் கட்டுப்பாட்ல இல்லம்மா, உள்ள ரத்தம் கசியுது, போனது திரும்பாது, இருக்கறத வச்சு ஓட்டுங்க, என்னமோ பழைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரம். கரும்பலகை ஒரு கறுப்புச் சதுரம். நடுவில் பெஞ்சு வரிசையில் நீலநீலமாகச் சின்னச் சின்ன உருண்டைகள், அடக்கமாக, அசையாமல்: பிள்ளைகள். அவளுடைய பிள்ளைகள்தான் இந்தப் பள்ளியிலேயே அசையாமல் உட்காருகிற பிள்ளைகள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீளும்.

நாற்காலி இருக்கிற இடத்தில் இருந்தது, அதற்கு ஒரு நன்றி. ஆஜர் ஏட்டை விரித்துவைத்துக்கொண்டாள், அது வெறும் அலங்காரம், பெயர்கள் எல்லாம் நாக்கில் இருக்கின்றன. அபூபக்கர். ப்ரெஸான் மதாம், கரகரப்பு, போன மழையில் பிடித்த சளி இன்னும் விடவில்லை பாவம். பவுலின். ப்ரெஸான்த், பெண்பிள்ளை சொன்னால் கடைசியில் ஒரு த் கூட, மூக்கு. செந்தாமரைக்கண்ணன், இவன் எப்போதும் ஒரு மூச்சு தாமதம், யாரோ உலுக்கி எழுப்பிய மாதிரி, ஆங், ப்ரெஸான். ஹமீதா பதிலையும் கேள்வியாகத்தான் சொல்லுவாள், ப்ரெஸான்த்? வந்திருக்கிறோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம். வினோலியா சொல்லில் பாதியை விழுங்கிவிடும். மரிய சூசை கத்தும். இப்படியே போய்க் கடைசியில் தையல்நாயகி. ப்ரெஸான்த் மதாம், சாதாரணமாக, எந்தச் சேட்டையும் இல்லாமல், எல்லோருடைய குரலையும்விட அந்தக் குரல்தான் கொஞ்சம் களைப்பாக வருகிறது இப்போதெல்லாம், என்ன சாப்பிடுகிறதோ. பன்னிரண்டு பேர். ஒருவர்கூட லீவு இல்லை. ஊர் முழுக்கக் காய்ச்சல் அடித்தபோதும், மூன்றாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிப் பெரிய டீச்சர் கனகவல்லி புலம்பியபோதும், பிரெஞ்சு வகுப்பில் ஒரு பிள்ளை வராமல் இருந்ததில்லை. அதைக் கனகவல்லியிடம் சொல்லவும் சொன்னாள், எங்க பசங்களுக்குக் காய்ச்சல்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் வரும் போலிருக்கு. கனகவல்லி சிரிக்கவில்லை. கனகவல்லி ஏன் சிரிக்கவில்லை? பொறாமை. வேறென்ன. முப்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வாயில் இனிப்பாக ஒரு மொழி இல்லையே என்று இருக்காதா. இன்று மத்தியானம் வராந்தாவில் நிறுத்திவைத்துச் சொன்னாள், அந்தத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்து: மேடம். நாளைக்கு. ஆபீசர் வர்றாரு. பெருசா ஒண்ணும் பாக்க மாட்டாரு. பிள்ளைங்கள எண்ணுவாரு. நாலு கேள்வி கேப்பாரு. பத்துக்குக் கீழ இருந்தா பிரெஞ்சை எடுத்துட்டு அந்த ரூம்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வருதாம். எண்ணட்டுமே, என்றாள் செலஸ்தீன், நல்லா விரல் விட்டு எண்ணட்டும். அதற்குக் கனகவல்லி கேட்டாள், உங்க கிளாஸ்ல மட்டும் எப்படி மேடம் சத்தமே வர்றதில்ல? மரியாதை சொல்லிக் குடுத்திருக்கேன் என்றாள் செலஸ்தீன். நல்ல பதில். வீட்டுக்குப் போகிறவரை வாய்க்குள் போட்டு உருட்டலாம்.

ஆனால் எண்ணுவது பயமில்லை, பயம் வேறே, பயம் அந்த ஆபீசர் ஒரு காகிதத்தை நீட்டி இதைக் கொஞ்சம் படிங்கம்மா என்று சொன்னால். அல்லது நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுவிட்டால். அல்லது வாயைத் திறக்காமல் சும்மா நின்றால், எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் அவள் கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டால். கதவுக்கு வணக்கம் சொல்கிற டீச்சர், நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் போன வாரம் மாதாகோயிலில் சாமியார் என்று நினைத்து ஒரு தூணிடம் தோத்திரம் சாமி என்று சொல்லியாயிற்று. பக்கத்தில் யாரும் இல்லை. இல்லையென்றுதான் நினைக்கிறாள். மதாம், போர்டுல தேதி போடலாமா என்றது பவுலினின் மூக்கு. போடலாம், போடு. சாக்பீஸ் கிரீச்சிட்டது. பவுலின்தான் எழுதுகிறாள், பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீலம் அசைந்தது, பின்னால் ஒரு நீலமும் அசையவில்லை. முன்னெல்லாம் ஒருத்தியைப் பலகைக்குக் கூப்பிட்டால் நான் நான் என்று நாலு பேர் எழுந்து வருவார்கள், தள்ளுமுள்ளு, சாக்பீஸ் உடையும், மதாம் இவன் கிள்ளுறான், மதாம் இவ என் முடியப் புடிக்கிறா, ஒரே மீன் மார்க்கெட். இந்த வருஷம்தான் எப்படியோ மாறினார்கள், ஒருவர் பேசும்போது ஒருவர் பேசுவதில்லை. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே நேரத்தில் இரண்டு வாய் திறப்பதில்லை! பாரீஸில் இருக்கிற பள்ளிக்கூடத்தில்கூட அப்படி இருக்காது. லெயோனிடம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை போனில், அவளுடைய மகன், பிரான்சில் பதினோரு வருஷமாக, அவன் சொன்னான், சரிம்மா, நல்லதும்மா, டிக்கெட் எப்பப் போடட்டும்? எப்போதும் அந்த ஒரு கேள்வி. தனியா இருந்து என்ன பண்ணப்போறே. கண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் கேள்வியாகக் கேட்க மாட்டான், வந்து தூக்கிக்கொண்டே போய்விடுவான். அவன் பெண்ணிடம் போனைக் கொடுத்தான், ஏழு வயசு, அது எதையோ மடமடவென்று கொட்டியது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, செலஸ்தீனுக்கு நடுவில் ஒன்றிரண்டு சொல்தான் கையில் சிக்கியது, அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து, என் அன்பே, உன் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கிளுக்கென்று. அப்பா, இவங்க புஸ்தகம் மாதிரி பேசறாங்க. அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது, விழாமல் போயிருக்கக் கூடாதா. லெயோன் தமிழில் சொன்னான், உன்னைப் பாக்க ஆசையா இருக்காம்மா. அவனும் நல்லபிள்ளை, பொய் சொல்லுவதில் அப்பா மாதிரி.

அங்கே போய் என்ன செய்வது. பன்னிரண்டாவது மாடியோ பதினாலாவது மாடியோ, லிஃப்ட் பொத்தான் தெரியாது, ஜன்னலுக்கு வெளியே குளிர், உள்ளே அவள் முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்த மொழியை நாலு பேர் அவள் காது எட்டாத வேகத்தில் பேசுவார்கள், அவள் நடுவில் உட்கார்ந்து யாருடைய குரல் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இங்கே அப்படி இல்லை. இந்த அறைக்குள் அது அவளுடைய மொழி. அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படித்தான் திரும்பி வரும், அவளுடைய ராகத்தோடு, அவளுடைய தப்போடு. தப்பாகவே இருக்கட்டும். சொல்லைப் போட்டால் சொல் திரும்பி வருகிற ஒரே இடம். இங்கே இருக்கும்போது கண் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது, காதால் பார்க்கிற வேலைதானே இது. சரி பாடம். சந்தையில். அபூபக்கர் விக்கிறவன், பவுலின் வாங்கறவ, ஆரம்பிங்க. போன்ழூர் மெஸ்யூ, என்றது மூக்கு, தக்காளி இருக்கிறதா? இருக்கிறது மதாம், என்றது கரகரப்பு, அழகான தக்காளி, சிவந்த தக்காளி. விலை அதிகம் ஐயா! விலை அதிகம் இல்லை அம்மணி, இன்றைக்கு மழை! அபூபக்கர் அந்தக் கடைசி வரியைப் புத்தகத்தில் இல்லாமல் தானாகவே போட்டான், அதுவும் நல்ல பிரெஞ்சில், செலஸ்தீனுக்குப் புல்லரித்தது, இந்தக் கரடுமுரடுப் பயலா, போன வருஷம் தன் பெயரையே பிரெஞ்சில் சொல்லத் திணறினவனா. அதே நொடியில் வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, அவுட்டு, அவுட்டு, டேய் அவன் அவுட்டுடா என்று ஒரு கரகரப்பு கேட்டது. அபூபக்கருடைய கரகரப்பு. தம்பியாக இருக்கும். மூன்றாம் வகுப்பில் தம்பி இருக்கிறானா? அவன் அம்மா ஒருநாள் வந்தாளே, வாசலில் நின்று, மதாம், ஒரே ஆம்பளப் புள்ள, பாத்துக்கங்க, மத்ததெல்லாம் பொட்டப் புள்ளைங்க என்று, அப்படியென்றால் பெரியப்பா மகனாக இருக்கும், சொந்தத்தில் குரல் ஒத்துப்போவது ஒன்றும் அதிசயமில்லை, லெயோன் குரலும் அவன் அப்பா குரலும் போனில் ஒன்றுதான், ஒருமுறை ஏமாந்துபோய்ச் செத்துப்போன மனுஷனிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றால், ஒதுக்கிவைத்தாள். செருப்பில் ஏறின சின்னக் கல் மாதிரி அது அங்கேயே இருந்தது.

குரல் என்றால் தையல்நாயகிதான். ஐஸ் பாக்டரியில் பார் ஐஸ் இழுத்து லாரியில் ஏற்றுகிறவன் மகள். மற்ற பிள்ளைகள் வீட்டில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார்கள், மாமா, சித்தப்பா, பிரெஞ்சு நேஷனாலிட்டி, என்றாவது போகலாம் என்று ஒரு நப்பாசை. இவள் வீட்டில் நாகப்பட்டினத்தைத் தாண்டினவர்கள் கிடையாது. நீ எதுக்கும்மா பிரெஞ்சு படிக்கிறே என்று கேட்டதற்கு, சும்மாதான் மதாம், கேக்க நல்லாருக்கு என்றாள். போன வருஷம், அப்போது கண் இவ்வளவு மோசமில்லை, செலஸ்தீன் ஒருநாள் தாமதமாக வந்தபோது அறைக்குள்ளிருந்து செலஸ்தீன் பேசிக்கொண்டிருந்தாள். தன் குரலே. என் பிள்ளைகளே, நாக்கை வெளியே நீட்டினால் அது பிரெஞ்சு அல்ல, அது நாய். அறையே உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் பெஞ்சின்மேல் தையல்நாயகி, சால்வை போர்த்தின மாதிரி துண்டைப் போர்த்திக்கொண்டு, இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. அடிக்கவில்லை. எப்படி அடிப்பது, தொண்டைக்குள் உருட்ட வேண்டிய அந்த ரகரத்தை அவளைவிட அந்தப் பெண் சரியாக உருட்டியது. அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள், நாமெல்லாம் சொல்லைக் கற்கிறோம், இது ஆளையே கற்கிறது, இதற்கு எந்த மொழியும் வரும், உலகத்தில் எந்த மொழியும், வேறொரு ஆளாக இருக்கக் கூச்சப்படாதவர்களுக்குத்தான் வேற்று மொழி வரும். பெரிய டீச்சர் மாதிரி செய்வாள், ரேஷன் கடைக்காரர் மாதிரி, கோயில் ஒலிபெருக்கியில் செருப்புத் தொலைந்தவர்களைக் கூப்பிடுகிறவர் மாதிரி, தன் அப்பா தண்ணி போட்டுவிட்டுக் கடவுளோடு பேசுவது மாதிரி. இந்த வருஷம் எதையுமே காணோம். வளர்ந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும்தான் வளர்ந்துவிட்டார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை. எப்போது கடைசியாக இந்த அறை சிரித்தது? ஒருவர் சிரிப்பார், பவுலின் மூக்கால் ஹிஹி என்பாள், அது முடிந்தபிறகு மரிய சூசை ஹா என்பான். மொத்தமாக, குபீரென்று, பெஞ்சு ஆட, அது எப்போது? போன மாசம் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று சொன்னபோது பவுலினுக்குத் தொண்டை சரியில்லை. ஹமீதா சொன்னாள், பக்கத்துக் கிளாஸ்ல டெஸ்ட்டு மதாம், சத்தம் போட்டா பெரிய டீச்சர் திட்டுவாங்க? எவ்வளவு பொறுப்பு என்று அன்றைக்குப் பெருமைப்பட்டாள். பெருமைப்பட்டாளா, பெருமைப்பட்டுக்கொண்டாளா? மணி அடித்தால் மட்டும் அவர்களுக்குத் திடீரென்று உயிர் வந்துவிடும், திமுதிமுவென்று காலடி, பெஞ்சு இழுபடும், எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறக்கும், டேய் என் பையி, டேய் தள்ளுடா, அடக்கிவைத்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்து வெளியே ஓடிவிடும். அப்புறம் அறை ஒரே வெள்ளையாக, வெறுமையாக. அந்த நேரத்தில் அவளுக்கு ஏனோ அழுகை முட்டும்.

நாளைக்கு வருகிறவருக்கு என்ன செய்து காட்டலாம். பலகையில் எழுதிக் காட்டமுடியாது, படித்துக் காட்டமுடியாது. யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கையைப் பிசைகிற பழக்கம், பிசைந்துகொண்டிருந்த கையிலேயே யோசனை கிடைத்தது. கை. பிரெஞ்சுக்காரர்கள் வந்தாலும் கை கொடுப்பார்கள், போனாலும் கை கொடுப்பார்கள், தினமும், பார்க்கிற ஒவ்வொருவருக்கும், அரை மணி நேரம் முன்னால் பார்த்தவனாக இருந்தாலும். அவளும் வகுப்பு முடியும்போது வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து ஓ ரெவ்வார், போய் வருகிறேன், என்று அனுப்பிக்கொண்டிருந்தவள்தான், ஒருநாள் கையை நீட்டி அது ஒரு பிள்ளையின் மூக்கில் போய் இடித்தபிறகு நிறுத்திவிட்டாள். ஆனால் கையை அவள் தேடிப் போகவேண்டியதில்லையே! அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவைத்தால் போதும், பிள்ளைகள் வந்து பிடிக்கட்டும், பெயரைச் சொல்லட்டும், ஓ ரெவ்வார் சொல்லட்டும், பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக. ஆபீசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எண்ணிக்கையும் ஆயிற்று, மரியாதையும் ஆயிற்று. பிள்ளைகளே, நாளைக்கு ஒரு பெரிய மனுஷர் வர்றார், இப்ப ஒரு ஒத்திகை, நான் பேர் கூப்பிட்டா ஒவ்வொருத்தரா எழுந்து வந்து எனக்குக் கை குடுத்துட்டுப் போய் உக்காரணும். மின்விசிறி மட்டும் டக் டக் என்றது. மதாம், என்றது ஹமீதா, நாளைக்கே குடுத்துக்கலாமே மதாம்? ஏம்மா, கை அழுக்கா இருக்கா? இல்ல மதாம். கூச்சமா இருக்கா? அதெல்லாம் இல்ல மதாம். அப்ப வாங்க. ப்ளீஸ் மதாம், என்றது மரிய சூசை, மணி அடிக்கப் போகுது மதாம். அடிச்சா அடிக்கட்டும்டா, பெரிய கலெக்டர் வேலை கெட்டுப்போச்சு. அபூபக்கர்!

பெஞ்சு முனகியது. தொம் தொம்மென்று அபூபக்கரின் நடை. கை வந்தது, முரட்டுப் பிடி, எலும்பு நொறுங்கும்படி ஒரு குலுக்கு, ஓ ரெவ்வார் மதாம், அபூபக்கர். சபாஷ். சின்னக் கைதான், ஆனால் என்ன பலம். ஓடினான், பெஞ்சு முனகியது. பவுலின். தேய்த்துத் தேய்த்து வந்தாள், கை வெந்த கீரைத்தண்டு மாதிரி, பிடித்தும் பிடிக்காமலும். ஓ ரெவ்வார், பவுலின். அழுத்திக் குடும்மா, நாளைக்கு அவர் உனக்கு உடம்பு சரியில்லைன்னு நெனச்சிடப்போறார். செந்தாமரைக்கண்ணன், அதே ஒரு மூச்சு தாமதம், ஆங் என்று வந்து விரல் நுனிகளை மட்டும் கொடுத்தான். ஹமீதா வந்து இரண்டு கையாலும் பிடித்தாள், அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, மெத்தென்று, அந்த இரண்டு கைக்கு நடுவில் செலஸ்தீனுடைய கை ஒரு கணம் ஒரு குருவியைப் போல இருந்துவிட்டு வந்தது, எவ்வளவு நாளாயிற்று யாரும் இப்படித் தொட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை, எப்படி மறந்துபோனோம், குரலைவிடக் கையில் அல்லவா பிள்ளை இருக்கிறது. மரிய சூசை கை கொடுத்துக்கொண்டே மூச்சு வாங்கினான். ஏன்டா இரைக்குது, பத்தடி தூரம் நடந்ததுக்கா? அதற்கடுத்த பிள்ளையும் இரைத்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். உள்ளங்கை ஈரம். முதலில் வந்த கை ஜில்லென்று இருந்தது, அப்புறம் வந்தது கொஞ்சம் சூடு, இப்போது வந்தது கொதிக்கிறது, காய்ச்சலா, யாருக்கு, எல்லோருக்குமா. பிடி மாறுகிறது, அழுத்தம் மாறுகிறது, ஒன்று குலுக்குகிறது, ஒன்று நழுவுகிறது, ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே அந்த எலும்பு, கொஞ்சம் துருத்திக்கொண்டு, அது மட்டும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய உள்ளங்கையில் ஒரே இடத்தில் வந்து இடிக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே எலும்பு இருக்கும். இருக்காதா. அவளுக்கும் இருக்கிறது, தடவிப் பார்த்தாள், இருக்கிறது. வெளியே தொட்டிக்குப் பின்னால், டேய், மணி அடிக்கப்போறான், வாங்கடா என்று யாரோ கத்தினார்கள். வினோலியா, என்று கூப்பிட்டாள்.

பெஞ்சு முனகியது. வினோலியாவின் பூனைநடை. கை வந்தது, தொப்பலாக நனைந்து, கூச்சமாகப் பாதி விரலை உள்ளே மடக்கிக்கொண்டு. ஓ ரெவ்... மதாம். வினோலியா. மூச்சு, இரைப்பு, சுடச்சுட முகத்தில் படுகிறது, ஓடி ஓடி இரைக்கிற மூச்சு. செலஸ்தீன் கையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவளுக்குத் தெரியாது, விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன, அந்த எலும்பின்மேல், அதற்குக் கீழே குதித்துக்கொண்டிருந்த நாடியின்மேல். இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். சவரிமுத்து, என்று கூப்பிட்டாள். பெஞ்சு முனகவில்லை. கையில் இருந்த கை மெதுவாக இழுத்துப் பார்த்தது. சவரிமுத்து. மின்விசிறி டக் டக். பெஞ்சு வரிசையில் நீல உருண்டைகள் அசையாமல், ரொம்ப அடக்கமாக, பைகள் எப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்குமோ அப்படி. யாரும் கிள்ளவில்லை. யாரும் இருமவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிற அறைக்கு ஒரு வெப்பம் இருக்கும், ஒரு வாடை இருக்கும், தலைக்கு வைத்த எண்ணெய், சாப்பாட்டுச் சாம்பார், காலையில் ஊறி மத்தியானம் காய்ந்த வியர்வை, அவளுடைய முகத்துக்கு முன்னால் அது இருந்தது, ஆனால் ஒரு கை அகலத்துக்குத்தான் இருந்தது, அதற்கப்பால் வெறும் சுண்ணாம்பு வாடை. மணி அடித்ததும் திமுதிமுவென்று கேட்குமே, அது வெளியே போகிற காலடியா. வெளியே போகிற காலடி எங்காவது முதலில் தூரத்தில் கேட்குமா. கை இன்னொரு தடவை இழுத்தது, பலமாக, அபூபக்கரின் பலத்தோடு. அப்புறம் தளர்ந்தது, பவுலினின் தளர்ச்சியோடு. அப்புறம் ஒன்றுமில்லாமல், யாருடையதும் இல்லாமல், வெறும் பத்து வயசுக் கையாகச் சும்மா கிடந்தது.

"கைய விடுங்க மதாம்," என்றது வினோலியாவின் குரல், பாதி விழுங்கி, கெஞ்சலாக, "அடுத்தவன் வரணும்ல."

செலஸ்தீன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள்.

"யாரும்மா வரணும்?" என்று கேட்டாள்.